காசல்ரீயில் ஓடும் பழைய 5.7 வி8 போட்: பொயின்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரோனிக் இக்னிஷன் போடலாமா?

நோர்வூட் கராஜ்:
வணக்கம். நான் வழக்கமாக லொறி, வேன், த்ரீவீல் பார்க்கிற ஆள், இப்போது ஒரு போட் கையில் மாட்டியிருக்கிறது. மெர்குரூசர் 260, அதாவது 5.7 லீட்டர் செவர்லே ஸ்மோல் பிளொக், நாலு பெரல் ரொசெஸ்டர் காபரேட்டர், பின்னால் ஸ்டெர்ன் டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பலர் கால் வெளியே), மெர்குரூசரின் அல்ஃபா வன்னுக்கு முந்தின ரகம். இக்னிஷன் இன்னும் பொயின்டும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை விடுகிற ஸ்விட்ச்) கொண்டென்சரும்தான். முன்பு நீர்கொழும்புக் களப்பில் ஓடிய போட். இப்போது காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் பங்களா எடுத்து நடத்துகிற ஒரு முதலாளி வாங்கி மேலே கொண்டுவந்திருக்கிறார்.

காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது, ஐட்லிங்கில் குலுங்கும், 3000 வரை பரவாயில்லை, முழுத் திரொட்டில் கொடுத்தால் 3900க்கு மேல் ஏறாமல் மிஸ் அடிக்கும். களப்பில் இதே போட் 4400க்கு மேல் போனதாக விற்றவர் சொன்னாராம். முதலாளி யூடியூப் பார்த்துவிட்டு எம்எஸ்டி பெட்டி (ஸ்பார்க்கைப் பலமாக்குகிற எலெக்ட்ரோனிக் பெட்டி) போட்டால் 30 குதிரைவலு கூடும் என்கிறார். ஒன்லைனில் ஓர்டர் போடப் போகிறார். போடச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவா?

கிரகரி ஓட்டி:
போடு தம்பி, போடு. எலெக்ட்ரோனிக் வந்த பிறகு யார் பொயின்ட் வைத்து ஓடுகிறார்கள். ஸ்பார்க் பலமாக இருந்தால் எஞ்சின் தானாக இழுக்கும்.

நானுஓயா பாஸ்:
நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது, அவர் காசைக் கொட்டுவதற்கு முன்னால் நீங்கள் மீட்டரையும் டைமிங் லைட்டையும் எடுங்கள்.

ஸ்பார்க் என்பது கலவையைப் பற்றவைக்கிற வேலை மட்டும். சரியான நேரத்தில், எல்லாச் சிலிண்டரிலும், ஒவ்வொரு முறையும் பற்றிவிட்டது என்றால் அதற்கு மேல் எவ்வளவு பெரிய ஸ்பார்க் கொடுத்தாலும் ஒரு குதிரைவலுகூட அதிகம் வராது. பற்றாமல் போகிற இடத்தில்தான் நல்ல இக்னிஷன் காசு திரும்பத் தரும். உங்களுக்கு 3900இல் மிஸ் அடிக்கிறது என்பது பொயின்ட் பழசு என்பதற்காகவா, வேறு ஏதாவது கெட்டுக் கிடப்பதற்காகவா என்று தெரியாமல் பெட்டியை மாட்டினால், கெட்டது கெட்டபடியே இருக்க அதன் மேல் புதுப் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். வி8 எஞ்சின் 4400 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிஷத்துக்கு 17,600 ஸ்பார்க், அதாவது செக்கனுக்கு 290 சொச்சம். ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் 3.4 மில்லிசெக்கன். டுவெல், அதாவது பொயின்ட் மூடியிருக்கிற கோணம், 30 பாகை வைத்திருந்தால் பொயின்ட் மூடியிருப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 2.3 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் கொயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை உயர்த்துகிற சுருள்) முழுசாக நிரம்பாது என்பது உண்மைதான், ஆனால் நல்ல கொயிலும் சரியான வோல்ட்டும் இருந்தால் அந்த வேகத்துக்குப் போதும். 6500, 7000 சுற்றுகிற ரேஸ் எஞ்சினுக்குத்தான் பொயின்ட் மூச்சு வாங்கும். போட் எஞ்சின் அந்தப் பக்கம் போவதே இல்லை. இந்த 5.7களுக்கு முழுத் திரொட்டிலில் 4200இலிருந்து 4800க்குள் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள், வருஷத்தைப் பொறுத்து மாறும், உங்கள் மனுவலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். புரொப்பலர் என்ன பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே தள்ளுகிற ரகம்?

நோர்வூட் கராஜ்:
21 என்று அடித்திருக்கிறது. களப்பில் போட்டிருந்ததேதான், மாற்றவில்லை.

நானுஓயா பாஸ்:
அதைத்தான் நினைத்தேன். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட 12 வீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 வீதம் அளவில் பலத்தை இழக்கும். 260 குதிரைவலு என்று தகட்டில் எழுதியது உங்கள் தண்ணீரில் 230 பக்கம்தான் வரும். கிரகரி ஏரிக்குக் கொண்டுபோனால், நுவரெலியா 1,868 மீட்டர், 210க்கு விழும். இந்த 30 குதிரைவலுவை எந்த இக்னிஷன் பெட்டியாலும் திரும்ப வாங்க முடியாது, காற்றே இல்லாத இடத்தில் எதை எரிப்பது.

களப்புக்கு வைத்த புரொப்பலரை இங்கே சுற்றச் சொன்னால் எஞ்சின் திணறாமல் என்ன செய்யும்? தேயிலை மூட்டை ஏற்றிய லொறியை நாலாம் கியரில் கடவளைச் சந்தியிலிருந்து மேலே ஏற்றுகிற மாதிரி. பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் 150இலிருந்து 200 ஆர்பிஎம் கூடும். 19 போட்டால் 300, 400 ஏறும்.

ஆனால் குலுங்கலும் காலை ஸ்டார்ட்டும் புரொப்பலர் கோளாறு அல்ல. அது வேறு.

திகனை வேகம்:
பாஸ் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கமாட்டேன்.

பலம் கூடாது, சரி. ஆனால் மலையில் ஓடுகிற காபரேட்டர் எஞ்சினுக்கு சிடி பெட்டி, அதாவது இந்த எம்எஸ்டி வகை, போட்டால் ஐட்லிங் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காரணமும் இருக்கிறது. காற்று மெல்லியதாக இருப்பதால் அதே ஜெட்டில் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற துளை) கலவை பெற்றோல் கூடிப் போகும், பிளக் கறுத்துப் பிசுபிசுக்கும், கறுத்த பிளக்கில் வோல்ட் கசிந்து ஸ்பார்க் செத்துவிடும். சாதாரணக் கொயில் மெதுவாக ஏறுகிற வகை, கசிவு இருந்தால் உச்சிக்குப் போகுமுன்பே வடிந்துவிடும். சிடி பெட்டி அப்படி இல்லை, உள்ளே கப்பாசிட்டரில் 450 வோல்ட்டுக்கு மேல் சேர்த்துவைத்து ஒரே அடியில் கொயிலுக்குள் தள்ளும், ஏறுகிற வேகம் அதிகம், அழுக்குப் பிளக்கிலும் பாயும். எம்எஸ்டி 6 வரிசையில் 3000க்குக் கீழே ஒரு ஸ்பார்க் அல்ல, கிராங்க் 20 பாகை திரும்பும் வரை தொடர்ந்து பல ஸ்பார்க் விடும். 3000க்கு மேல் ஒன்றுதான், ஆனால் முழுப் பலத்தோடு. குளிரில் ஸ்டார்ட், ஐட்லிங், ஸ்கீ இழுக்கும்போது மெதுவாகப் போய்விட்டுச் சட்டென்று கூட்டுவது, இதிலெல்லாம் வித்தியாசம் தெரியும்.

நானுஓயா பாஸ்:
நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது கறுத்த பிளக்கோடு வாழப் பழகுவது. ஜெட்டைக் குறைத்தால் பிளக் கறுக்காது. 2000 அடிக்கு ஒரு ஜெட் அளவு இறக்கு என்பது ஹொலி காபரேட்டர்காரர்கள் சொல்கிற பொதுக் கணக்கு, காசல்ரீ 3600 அடி, ஆகவே ஒன்று அல்லது இரண்டு. ரொசெஸ்டரில் ஜெட்டோடு ஊசியும் இருப்பதால் கொஞ்சம் மினக்கெட வேண்டும், ஆனால் செய்யலாம். போட்டை மறுபடி கடல்மட்டத்துக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டைத் திரும்பப் போடவேண்டும், இல்லாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டனைத் தின்றுவிடும். கழற்றிய ஜெட்டை ஒரு பையில் போட்டு எஞ்சின் மூடியின் உள்பக்கம் கட்டி வையுங்கள்.

கம்பளை வயரிங்:
நான் எலெக்ட்ரீஷியன், எஞ்சின் ஆள் இல்லை, ஆனால் இரண்டு சங்கதி சொல்லவேண்டும், இங்கே யாரும் தொடவில்லை.

ஒன்று வோல்ட். இந்தப் பழைய மெர்குரூசர்களில் போட்டின் வயரிங்கும் எஞ்சின் வயரிங்கும் சந்திக்கிற இடத்தில் ஒரு பெரிய உருண்டைப் பிளக் இருக்கும், ரப்பர் உடம்பு, உள்ளே பல பின். அதில் பச்சை பூத்திருக்கும், களப்பு உப்பில் ஓடிய போட் என்றால் கேட்கவே வேண்டாம். இக்னிஷனுக்கு வருகிற ஊதா வயர் அதன் வழியாகத்தான் வருகிறது. சாவியைப் போட்டு பொயின்ட் மூடிய நிலையில் வைத்து, பெட்டரியில் ஒரு அளவு, ரெசிஸ்டன்ஸ் வயருக்கு முன்னால் ஊதா வயரில் ஒரு அளவு எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நோய். பொயின்ட் இக்னிஷனில் ரெசிஸ்டன்ஸ் வயர் வேண்டுமென்றே கொயிலுக்கு வோல்ட்டைக் குறைத்துத்தான் கொடுக்கும், ஓடும்போது 9 பக்கம். அதற்கு முன்பே இரண்டு வோல்ட் தொலைந்தால் கொயிலுக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாவது கெப், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரின் தலைப்பகுதி. மலைநாட்டில் போட் எஞ்சினுக்குப் பெரிய எதிரி உப்பு அல்ல, பனியும் மூடுபனியும். பகலில் எஞ்சின் சூடு, ராத்திரி குளிர், எஞ்சின் மூடிக்குக் கீழே பில்ஜில் (போட்டின் அடித்தட்டில்) எப்போதும் கொஞ்சம் தண்ணீர். விடியும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கெப்புக்குள் வியர்த்திருக்கும். அந்த ஈரத்தில் வோல்ட் ஓடி ஓடி கெப்பின் உட்சுவரில் பென்சிலால் கீறிய மாதிரி கரிக் கோடு விழும். ஒரு தடவை விழுந்துவிட்டால் காய்ந்த பிறகும் கரண்ட் அந்த வழியாகத்தான் போகும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு அதன் மூடியைத் திறந்து பாருங்கள், வயர்களிலும் கெப்பிலும் நீல நிறத்தில் ஊர்ந்தால் தெரிந்துவிடும். ஆனால் திறந்த வெளியில், புளோவர் (எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றுகிற விசிறி) ஓட்டிய பிறகு, பெற்றோல் மணம் துளியும் இல்லை என்று பார்த்துவிட்டு மட்டும்.

நானுஓயா பாஸ்:
கம்பளைக்காரர் சொன்னதோடு இதையும் சேருங்கள். உயரத்தில் மெல்லிய காற்றில் ஸ்பார்க் லேசாகப் பாயும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால் பிளக்கில் பாய வேண்டிய வோல்ட்டும் குறைவு, அது நமக்கு நல்லது. ஆனால் அதே மெல்லிய காற்று கெப்புக்கு வெளியேயும் இருக்கிறது, வழி தப்பிப் பாய்வதும் அங்கே லேசு. ஆகவே பலமான பெட்டியை மாட்டிவிட்டு பழைய கெப், பழைய வயரோடு விட்டால் முன்பு கசிந்தது இப்போது ஓடும்.

மஸ்கெலியா ரீவைண்டிங்:
கொழும்பு பஞ்சிகாவத்தையில் டொயோட்டா இக்னைட்டர் (கொயில் கரண்டை வெட்டுகிற எலெக்ட்ரோனிக் ஸ்விட்ச்) லேசாகக் கிடைக்கும். நான் பழைய ஜீப்புகளில் பொயின்டைச் சும்மா தூண்டுகிற ஸ்விட்சாக மட்டும் வைத்துக்கொண்டு, இக்னைட்டரைக் கொயிலுக்குக் கொடுத்து ஓட்டியிருக்கிறேன். பொயின்ட் கருகாது, மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை. கார் டிஸ்ட்ரிபியூட்டரையே மாட்டலாமே, ஸ்மோல் பிளொக்தானே, ஒரே துளை. எதற்கு மெரின், அதாவது போட்டுக்கானது, என்று பெயர் போட்டு மூன்று மடங்கு விலை கொடுப்பது?

நானுஓயா பாஸ்:
அண்ணே, இங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

காரில் எஞ்சினுக்கு அடியில் தரை திறந்திருக்கிறது, பெற்றோல் ஆவி வந்தால் காற்றில் போய்விடும். போட்டில் எஞ்சின் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், பில்ஜில் இறங்கித் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 வீதம் கலந்தாலே வெடிக்கும். அதனால்தான் மெரின் டிஸ்ட்ரிபியூட்டரில் காற்றுத் துளைகளுக்கு வலை போட்டிருப்பார்கள், உள்ளே ஆவி புகுந்து பற்றினாலும் நெருப்பு வெளியே வராது. ஸ்டார்ட்டரும் ஒல்டர்நேட்டரும்கூட அதே மாதிரி அடைத்தவை. எஸ்ஏஇ ஜே1171 என்று ஒரு தரம் இருக்கிறது, உறுப்பை வெடிக்கக்கூடிய வாயுக் கலவைக்குள் வைத்து உள்ளே பற்றவைத்து, வெளியே பற்றுகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் பெற்றோல் போட்டுக்கு இது சட்டம். கார் டிஸ்ட்ரிபியூட்டர் அதே துளையில் இறங்கும், பல்லும் சேரும், ஓடவும் ஓடும். ஒரு நாள் காபரேட்டர் மிதவை மாட்டி வழிந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

காபரேட்டரும் அப்படித்தான். மெரின் காபரேட்டரில் வழிகிற பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே போகிற மாதிரிக் குழாய் வளைத்திருக்கும். காரினுடையது வெளியே சொட்டும்.

இன்னொன்று, கார் டிஸ்ட்ரிபியூட்டரில் வெக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முந்தவிடுவது) இருக்கும். பாதித் திரொட்டிலில் சும்மா உருண்டு போகும்போதுதான் அதற்கு வேலை. போட் உருண்டு போவதே இல்லை, எப்போதும் மேட்டில் ஏறுகிற மாதிரிச் சுமை. மெரினில் பாரக்கட்டை அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட முந்தவிடுவது) மட்டும், அது முந்துகிற வளைவும் வேறு. கார் வளைவை வைத்துச் சுமையில் ஓட்டினால் தட்டல் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வரும், போட்டில் அந்தச் சத்தம் காதில் விழாது, எக்ஸோஸ்ட் இரைச்சலில் மூழ்கிவிடும். பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும்.

மஸ்கெலியா ரீவைண்டிங்:
வெக்குவம் விஷயம் எனக்குப் புதிது. இக்னைட்டரை எஞ்சின் அறைக்கு வெளியே, டாஷ்போட் பக்கம் வைத்தால்?

நானுஓயா பாஸ்:
இக்னைட்டரை வெளியே வைக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் மெரினாக இருக்கும்வரை. ஆனால் நீளமான வயர், ஈரமான மூட்டு, நடு நீர்த்தேக்கத்தில் நின்றால் துடுப்புப் போட யார்? நான் என்றால் செய்யமாட்டேன், செய்கிறவரைத் திட்டவும் மாட்டேன்.

கிரகரி ஓட்டி:
சின்னக் கேள்வி, இழைக்கு வெளியே. நம்முடையது யமஹா 40 அவுட்போட், டூ ஸ்ட்ரோக். அதற்கும் இந்தப் பெட்டி போடலாமா?

கம்பளை வயரிங்:
அதில் பொயின்டே இல்லை அண்ணே, சிடிஐ, அதே சிடி இக்னிஷன், உள்ளேயே இருக்கிறது. ஃப்ளைவீலுக்குக் கீழே சார்ஜ் கொயிலும் பல்சர் கொயிலும். மேலே ஒன்றும் போட வேண்டாம். பிளக்கை மாற்றுங்கள், எர்த் வயரைச் சுரண்டிப் பூட்டுங்கள், போதும்.

நோர்வூட் கராஜ்:
நன்றி எல்லாருக்கும். அளந்து பார்த்தேன். பெட்டரியில் 12.5, ஊதா வயரில் 10.6. உருண்டைப் பிளக்கைப் பிரித்தால் ஊதா பின் பாதி தேய்ந்து பச்சையாக இருக்கிறது. கெப்பைக் கழற்றினால் இரண்டு முனைக்கு நடுவில் கோடு, கம்பளை அண்ணன் சொன்ன அதே பென்சில் கோடு. பொயின்ட் பரவாயில்லை, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கொஞ்சம் ஆடுகிறது. டைமிங் லைட்டில் ஐட்லிங்கில் ஸ்பார்க் பிஸ்டன் உச்சிக்கு 4 பாகை முன், மனுவலில் 8 என்று இருக்கிறது. பிளக் எட்டும் கரி.

திகனை வேகம்:
தண்டு ஆடினால் டுவெல் நிற்காது, ஸ்பார்க் நேரமும் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். புஷ் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் பொயின்டோடு இருக்கப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் புஷ் மறுபடி தேயும், பொயின்டின் ரப்பிங் பிளொக் தேயும், முதலாளி டுவெல் மீட்டரோடு உட்காரப் போவதில்லை.

நோர்வூட் கராஜ்:
மூட்டைச் சுத்தம் செய்து புது பின் போட்டேன், கெப், ரோட்டர், பிளக், வயர் புதிது, புஷ் மாற்றினேன், டைமிங் 8. காலை ஸ்டார்ட் ஒரே சுற்றில். மிஸ் நின்றுவிட்டது. ஆனால் 4100க்கு மேல் ஏறவில்லை, சுத்தமாகப் போய் அங்கே நிற்கிறது. பிறகு நீர்கொழும்பிலிருந்து 19 பிட்ச் புரொப்பலர் ஒன்று மாற்றிக்குத் தந்தார்கள். 4450. முதலாளி சிரிக்கிறார், ஆனால் இன்னும் "எலெக்ட்ரோனிக்" என்ற சொல்லை விடவில்லை.

நானுஓயா பாஸ்:
இப்போது கேட்பது நியாயம். எஞ்சின் சரியாக ஓடுகிறது, இனிப் போடுகிற பெட்டி என்ன கொடுக்கிறது என்று அவருக்கே தெரியும்.

எனக்குப் பிடித்தது, டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பொயின்ட் இருந்த இடத்தில் காந்த வளையமும் சின்ன மொடியூலும் போடுகிற வகை, பெர்ட்ரோனிக்ஸ் இக்னிட்டர் மாதிரி. மெரின் உடம்பும் வலையும் அப்படியே இருக்கும், கெப்பும் அதேதான், வெளியே பார்த்தால் ஒன்றும் மாறாது. தேய்வதற்கு எதுவும் இல்லை, டுவெல் பார்க்க வேண்டியதில்லை. மூன்று இடத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். மொடியூலின் சிவப்பு வயருக்கு முழு 12 வோல்ட் வேண்டும், ரெசிஸ்டன்ஸ் வயருக்கு முன்னால் எடுக்கவேண்டும், கொயிலின் பிளஸ்ஸில் கட்டினால் வோல்ட் பற்றாமல் சூட்டில் ஓடி ஓடி நிற்கும். கொயிலின் தடை, இக்னிட்டரின் முதல் ரகத்துக்கு வி8 என்றால் 1.5 ஓம்முக்குக் குறையக்கூடாது, 0.6 ஓம் கொயிலைச் சேர்த்தால் மொடியூல் எரியும். மூன்றாவது, எஞ்சின் ஓடாமல் சாவியை ஒனில் விட்டு ரேடியோ கேட்காதீர்கள், அதுவும் எரியும். பங்களா விருந்தாளிகளுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

திகனை வேகம்:
சிடி பெட்டிதான் வேண்டும் என்றால் 6எம் வரிசை மெரின் பெட்டியையே வாங்கச் சொல்லுங்கள், 6எம்-2எல் என்றால் ஆர்பிஎம் கட்டுப்பாடும் உள்ளே இருக்கிறது, ஸ்கீ இழுக்கும்போது புரொப்பலர் காற்றைக் கடித்து வெறுமனே சுற்றினால் எஞ்சினைக் காப்பாற்றும். காருக்கு விற்கிற பெட்டி போட்டுக்கு வேண்டாம். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு ஒரு அம்பியர் அளவு இழுக்கும், ஆகவே தடித்த வயரை நேரே பெட்டரிக்கு. கார்பன் அல்லது சுருள் கம்பி பிளக் வயர், வெறும் செப்புக் கம்பி வயர் கூடவே கூடாது, அந்த இரைச்சலில் பெட்டியே குழம்பும். பிளக் இடைவெளி 0.9 மில்லிமீட்டரில் இருந்து 1.0, 1.1 வரை திறக்கலாம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கம்பளை வயரிங்:
வயரிங்கில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்த டிரைவில் கியர் மாற்றும்போது கை பாரமாக இருந்தால் ஒரு சின்ன ஸ்விட்ச் இக்னிஷனை ஒரு கணம் எர்த்துக்குத் தட்டி எஞ்சினைத் தளரவிடும், அப்போதுதான் கியர் கழலும். பொயின்ட் இருந்தபோது அது கொயிலின் மைனஸோடு சேர்ந்திருக்கும். சிடி பெட்டி போட்டால் கொயிலின் இரண்டு முனைக்கும் பெட்டியின் இரண்டு வயர் தவிர வேறு எதுவும் தொடக்கூடாது, அங்கே ஐந்நூறு வோல்ட் அளவு துடிக்கிறது. கியர் ஸ்விட்ச் தூண்டுகிற சிக்னலைத்தான் வெட்டவேண்டும், கொயிலை அல்ல. அதேபோல் டாக்கோ மீட்டரின் சாம்பல் வயரும் கொயிலை விட்டுப் பெட்டியில் டாக்கோவுக்கென்று உள்ள முனைக்கு மாறவேண்டும். மாற்றாமல் விட்டால் முதலில் மீட்டர் போகும்.

மஸ்கெலியா ரீவைண்டிங்:
டைமிங்கை 8க்கு மேல் கூட்டலாமா? உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவு என்றால் மெதுவாகத்தானே எரியும், தட்டலும் பயமில்லை.

நானுஓயா பாஸ்:
கேள்வி சரி. இரண்டு பாகை தாராளமாகக் கூட்டலாம், 10 வையுங்கள். ஆனால் ஐட்லிங்கில் என்ன என்பதைவிட அட்வான்ஸ் முழுதும் விரிந்தபோது என்ன என்பதைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு மொத்தம் 32 பக்கம் நிற்கவேண்டும், மேலே இருப்பதால் 34 என்றாலும் நான் கலங்கமாட்டேன். பாரக்கட்டை ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஐட்லிங்கில் 10 காட்டிவிட்டு 3500இலும் 18இலேயே நிற்கும், அதையும் லைட்டில் பாருங்கள். பெற்றோல் 92 போதும், இந்தக் கம்ப்ரஷனுக்கு 95 போட்டு ஒரு லாபமும் இல்லை. பேப்பரில் எழுதி எஞ்சின் மூடியில் ஒட்டுங்கள், போட் மறுபடி களப்புக்கு இறங்கினால் டைமிங்கும் ஜெட்டும் புரொப்பலரும் மூன்றும் பழையபடி போகவேண்டும்.

நோர்வூட் கராஜ்:
முதலாளியிடம் பேசிவிட்டேன். காந்த வளைய மொடியூல்தான், பெட்டி இல்லை. ஓர்டர் போட்டாகிவிட்டது, 1.5 ஓம் கொயிலும் சேர்த்து. வரும்வரை பொயின்டிலேயே ஓடட்டும். டைமிங் 10 வைத்தேன், 3500இல் 33 காட்டுகிறது, ஸ்பிரிங் பிழையில்லை. ஜெட் ஒரு அளவு இறக்கினேன், பிளக் இப்போது காவி நிறம். சாவிக்குப் பக்கத்தில் புளோவர் நாலு நிமிஷம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டச் சொன்னார், ஒட்டியாயிற்று. ஒரே ஒரு கேள்வி, கழற்றுகிற பொயின்ட் தட்டை எறிந்துவிடவா?

நானுஓயா பாஸ்:
எறியாதீர்கள். தட்டு, கொண்டென்சர், 0.40 மில்லிமீட்டர் ஃபீலர் (பொயின்ட் இடைவெளி அளக்கிற தகடு) ஒன்று, சின்னத் திருப்புளி, எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிப் போட்டிலேயே வையுங்கள். மொடியூல் போனால் போனதுதான், சுரண்டி ஓட்ட முடியாது. ரெசிஸ்டன்ஸ் வயரையும் வெட்டாதீர்கள், அது இல்லாமல் பொயின்டைத் திரும்பப் போட்டால் நாலு நாளில் கருகிவிடும்.

கிரகரி ஓட்டி:
அந்த 21 பிட்ச் புரொப்பலரை விற்கிறதென்றால் எனக்குத் தெரிந்த ஒருவர் நீர்கொழும்பில் தேடுகிறார்.

நோர்வூட் கராஜ்:
அதுதான் அண்ணே மாற்றிக்குப் போய்விட்டது.